அரை நாள் கையில் இருக்கிறது: மார்கழி, தை வேலூரில் எங்கே நடப்பது?

வேலூரைக் கேலி செய்ய வெளியூர்க்காரர் யாரும் வர வேண்டியதில்லை. ‘ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை’ என்று ஊர்க்காரர்களே அடுக்கிவிடுவார்கள். நடந்து பார்க்க வருகிறவருக்கு இந்தக் கேலியே பாதி வழிகாட்டி. கோட்டையும் கோயிலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, ஆறு வடக்கே, மலை கிழக்கே. கேலியில் விட்டுப்போனது கடைத்தெருவும் அதை ஒட்டிய கல்லூரிகளும். ஆக, அரை நாளில் தேர்ந்தெடுக்க நான்கு நடைகள் இருக்கின்றன. நான்கையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பன்னிரண்டு மணிக்குக் கால் ஓய்ந்து ஆட்டோவில்தான் லாட்ஜுக்குப் போவீர்கள்.

எதைத் தேர்வது என்பது, எது அழகு என்பதைவிட, உங்களுக்கு எந்த நேரம் காலி என்பதைப் பொறுத்தது. பிள்ளையை வி.ஐ.டி. பல்கலைக்கழக விடுதியில் விட வந்த பெற்றோருக்குப் பெரும்பாலும் மறுநாள் காலை காலி. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காலையிலேயே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவருக்கும் கூட வந்தவருக்கும் பதினொன்று முதல் நான்கு வரை காலி. காட்பாடியில் ரயில் மாறுகிறவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் தேறலாம். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

முதலில் பருவம். குளிர்காலம் என்றால் இங்கே ஸ்வெட்டர் குளிர் அல்ல. விடியற்காலையில் ஒரு துண்டோ மெல்லிய சட்டையோ கூடுதலாக இருந்தால் போதும், எட்டரைக்கு அதுவும் சுமைதான். சித்திரை, வைகாசியில் இந்த ஊரில் நடப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதனால்தான் நடக்கிறவருக்கு டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை உள்ள இரண்டு மாதமே சீசன். டிசம்பர் முதல் பாதியை நம்ப முடியாது. வடகிழக்குப் பருவமழை வாலை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு காற்றழுத்தம் வந்தால் இரண்டு நாள் போச்சு. சூரியன் ஆறரை மணியை ஒட்டித்தான் எழும், ஆறு மணிக்கு அடங்கிவிடும். இன்னொன்று, ஊருக்குக் கிழக்கே மலை நிற்பதால் ஊருக்குள் வெயில் இறங்கச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். மலையேற வேண்டுமா என்ற கேள்வி பின்னால் வரும்போது இந்தச் சின்ன விஷயம் ரொம்ப உதவும்.

கோட்டை: காலையில் கிளம்ப முடிந்தால் வேறு யோசனை வேண்டாம்

133 ஏக்கர். அகழியோடு சேர்த்து வெளியே சுற்றிவந்தால் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர், சாவகாசமாக ஒரு மணி நேரம். உள்ளே கோயில், மாதா கோயில், மசூதி, திப்பு மகால், ஐதர் மகால், அருங்காட்சியகம் எல்லாம் பார்த்தால் இன்னும் இரண்டரை மணி நேரம். இரண்டையும் சேர்க்காதீர்கள். வயதானவர் கூட இருந்தால் உள்ளே மட்டும். நடை பழகியவர் என்றால் ஆறரைக்கு மதில்மேல் ஒரு சுற்று, பிறகு கோயில், ஒன்பதரைக்கு அருங்காட்சியகம் என்ற வரிசை சரியாக வரும். வரிசையைத் திருப்பிப் போட்டால் பதினோரு மணி வெயிலில் மதில்மேல் நிற்பீர்கள். தை மாதம்தானே என்று நினைக்க வேண்டாம், கருங்கல் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

மதில்மேல் நடப்பதில் ஒரே ஆபத்து பனி. மார்கழியில் விடிகாலைப் பனி கல்லின்மேல் மெல்லிய ஈரமாக நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. தேய்ந்த ரப்பர் செருப்போடு சரிவில் இறங்கினால் வழுக்கும். பின்பக்கம் வார் இருக்கும் செருப்போ, கான்வாஸ் ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத இடங்களில் குழந்தைகளை அகழிப் பக்கம் விடாமல் உள்பக்கமாக நடத்துங்கள். அந்த அகழியில் ஒரு காலத்தில் பத்தாயிரம் முதலை இருந்தது என்று யாராவது சொல்வார்கள். கேட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம்.

16ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக் காலத்தில், சின்ன பொம்மி நாயக்கர் காலத்துக் கட்டடம் இது. பிறகு பீஜப்பூர்ப் படை, மராத்தியர், ஆற்காட்டு நவாபு ஆட்கள், கும்பினிக்காரர் (கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்) என்று கைமாறிக்கொண்டே வந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர் குடும்பத்தை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் இந்தியச் சிப்பாய்கள் கும்பினிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததும் இங்கேதான். புதுத் தலைப்பாகையும், திருநீறு, நாமம், கடுக்கன், தாடி எல்லாவற்றுக்கும் போட்ட தடையும் உடனடிக் காரணங்கள். ஆற்காட்டிலிருந்து கும்பினித் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது. ஆற்காடு இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான், அந்தத் தூரமே எழுச்சியின் ஆயுளைத் தீர்மானித்தது. கோட்டைக்கு எதிரே மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் நிற்கிறது. சிக்னலில் பைக்குகளுக்கு நடுவே தலையைத் தூக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் தனியாக முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பல நூற்றாண்டுகள் பூசையில்லாமல் கிடந்த கோயில், இடையில் ஆயுதக் கிடங்காகவும் இருந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981இல் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றோடு ‘சாமி இல்லாத கோயில்’ என்ற கேலி செல்லாமல் போனது. ஆனாலும் ஊர் வாய் அதை விடவில்லை. கோபுரவாசலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்தில்தான் நேரம் செலவழிய வேண்டும். கும்பினிக்காரர்கள் இதைப் பிரித்துச் சீமைக்குக் கொண்டுபோக நினைத்தார்கள், ஏற்றிப்போக வந்த கப்பல் மூழ்கியதால் பிழைத்தது என்று ஒரு கதை உண்டு. மண்டபத்தைப் பார்த்தால் அந்த ஆசை ஏன் வந்தது என்று புரிந்துவிடும்.

வெளித்தூண்களில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் குதிரைகளும் யாளிகளும். எல்லாரும் அவற்றைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே போய் நடுவில் நின்று மேலே பாருங்கள். விதானத்தில் தாமரை, அதைச் சுற்றி வட்டவட்டமாகக் கிளிகள், எல்லாம் தலைகீழாகத் தொங்குகின்றன. வால் வெளிவட்டத்தில், மூக்கு தாமரையில். காலை ஒளி அங்கே நேராக எட்டாது. செல்போன் டார்ச்சை நேரே மேல்நோக்கி அடித்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். மண்டபத்தின் ஓரத்துக்குப் போய்ச் சரிவாக அடியுங்கள். நிழல் விழுந்ததும் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக எழுந்துவரும்.

செருப்பை வெளியே விட்டாக வேண்டும், அதனால் நேரம் முக்கியம். ஏழு மணிக்குத் தளம் சில்லென்று இருக்கும், பாதவலிக்காரர் ஒரு ஜோடி சாக்ஸ் கொண்டுபோகலாம். பன்னிரண்டுக்கு அதே தளத்தில் ஓட்டமும் துள்ளலும்தான். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதும் கணக்கில் இருக்கட்டும். மார்கழி முழுக்க விடியற்காலையில் திருவெம்பாவை கேட்கும், கூட்டமும் இருக்கும். அமைதி வேண்டும் என்பவர் தை பிறந்தபின் வரலாம். பெருமழை வருடத்தில் அகழி நீர் ஏறிக் கோயிலுக்குள்ளும் புகுந்துவிடும், 2021இல் அப்படித்தான் ஆனது. அப்படிப்பட்ட வருடம் டிசம்பரில் வருகிறீர்கள் என்றால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். வெள்ளியன்று சிக்கியவர் கோயிலோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான். திறந்திருந்தால் ஒரு பொருளைத் தேடிப் பாருங்கள்: கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் ஆடிய தந்தச் சதுரங்கப் பலகை. 1815இல் பிடிபட்டு, இந்தக் கோட்டையில் சிறையிருந்து, 1832 ஜனவரியில் இங்கேயே இறந்தவர். நாட்டை இழந்த ராஜா பதினைந்து வருடத்துக்கு மேல் எப்படிப் பொழுதைப் போக்கினார் என்பதற்கு அந்தப் பலகை ஒன்றே போதும். ‘ராஜா இல்லாத கோட்டை’ என்பதும் அவ்வளவு சரியில்லை பாருங்கள். ராஜா இருந்தார், கைதியாக.

கடைத்தெருவும் கல்லூரிகளும்: பிற்பகலுக்கு இதுவே

‘கல்லூரி ஊர்’ என்ற நினைப்போடு, வளாகம் வளாகமாக நடந்து பார்க்கலாம் என்று வருகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். வேலூரின் கல்விக்கூடங்கள் ஒரே இடத்தில் இல்லை. வி.ஐ.டி. பாலாற்றுக்கு அந்தப் பக்கம், காட்பாடியில். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் சேர்க்காட்டில். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகம் பாகாயத்தில், ஆஸ்பத்திரி நகர நடுவில். வி.ஐ.டி.க்குள் அனுமதியில்லாமல் நுழைய முடியாது. பிள்ளை படிக்கிற பெற்றோர் பாஸ் வாங்கி உள்ளே சுற்றலாம், மற்றவர்கள் வாசலில் செல்ஃபி எடுத்துத் திரும்புவதற்காக ஆற்றைத் தாண்டிப் போக வேண்டாம். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது, கட்டடங்கள் எல்லாம் புதுசு. பழைய ஊரைத் தேடுபவருக்கு அங்கே வேலை இல்லை.

நடக்கக்கூடிய கல்லூரி வழி ஒன்று உண்டு, நீளம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆபீசர்ஸ் லைன் என்று இன்னமும் சொல்லப்படும் அண்ணா சாலையில், ஊரீசு கல்லூரியிலிருந்து தொடங்குங்கள். 1898இல் கல்லூரியானது. டாக்டர் ராதாகிருஷ்ணன் சென்னை கிறித்துவக் கல்லூரிக்குப் போவதற்கு முன் இங்கே படித்தவர். கோட்டையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால் மக்கான், பழைய பஸ் ஸ்டாண்டு, அப்புறம் சி.எம்.சி. 1900இல் அமெரிக்கப் பெண் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை அது. 1918இல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி, 1947இல் ஆண்களுக்கும் இடம். ஆர்வம் உள்ளவர் ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் கண் ஆஸ்பத்திரி வரை போகலாம், 1902இல் எழுந்த முதல் மருத்துவமனை அதுதான். ஆஸ்பத்திரிகளுக்குள் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், வெளியில் நின்று பார்த்தால் போதும். உள்ளே ஒவ்வொரு பெஞ்சும் யாரோ ஒருவருக்குத் தேவைப்படுகிறது.

சி.எம்.சி.க்கு எதிர்ப்புறத் தெருக்கள்தான் இந்த நடையின் சுவையே. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, சுண்ணாம்புக்காரத் தெரு எங்கும் லாட்ஜ், மருந்துக்கடை, மறுபடி லாட்ஜ். பெயர்ப்பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்து. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்காகக் கடுகெண்ணெய் மணக்கும் மீன்சோற்றுக் கடைகள் வந்துவிட்டன. கடைக்காரர் நம்மிடம் வடாற்காட்டுத் தமிழ் பேசுவார், அடுத்த நொடி திரும்பி வங்காளத்தில் விலை சொல்வார். கல்வெட்டு ஆராய்ச்சி எதுவும் இல்லாமல் ஒரு நகரம் எப்படி மாறுகிறது என்று பார்க்க இந்த அரை கிலோமீட்டர் போதும்.

அங்கிருந்து லாங்கு பஜார், மண்டித் தெரு, நேதாஜி மார்க்கெட். இந்தப் பகுதியில் நடைபாதை என்று ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். மாலை ஐந்தரை முதல் எட்டு வரை நெரிசலில் நடை நத்தை வேகமாகிவிடும், பொங்கலுக்கு முந்தின வாரம் அதுவும் கிடையாது. இரண்டு மணி முதல் நாலரை வரை பரவாயில்லை. கடைகளின் நிழல் தெருவில் பாதியை மூடியிருக்கும். சி.எம்.சி.யில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவருக்கு இந்த நேரமே கச்சிதம், கூப்பிட்டால் பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம்.

மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரிக்காயைப் பாருங்கள். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைவது, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் காயை மூடியிருக்கும் புல்லியிலும் முள். புதுசாகப் பறித்த காயில் முள் விறைத்து நின்று சுருக்கென்று குத்தும். வாடிய காயில் முள் வளையும், புல்லி பழுப்பாகிவிடும். எனவே காம்பைப் பிடித்து எடுக்காமல் காயின் வயிற்றைப் பிடித்து எடுத்து, முள்ளை ஒற்றை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும். ஊருக்குக் கொண்டுபோகிறவர் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள், முள் பையைக் கிழிப்பதோடு காயும் வியர்த்து அழுகும். துணிப்பைதான். பிரியாணிக்கு இந்தப் பக்கத்தில் கத்தரிக்காய்க் கூட்டு இல்லாமல் இலை முழுமை பெறாது. மதிய தம் உடைக்கும் நேரத்துக்குப் போனால் நல்லது, மூன்றரைக்குப் போய் அடிச்சட்டியைக் குறை சொல்லக் கூடாது.

மலை: எல்லாருக்கும் அல்ல

ஊருக்குக் கிழக்கே இருக்கும் குன்றுகளில் மூன்று சிறு கோட்டைகள் உண்டு. சாஜ்ஜாராவ், குஜ்ஜர்ராவ், முர்தசா அகத் என்று பெயர். முதலிரண்டும் 1677–78 முற்றுகையில் மராத்தியர் வைத்த சாஜரா, கோஜரா என்ற பெயர்களின் திரிபு. கீழே அகழியும் இரட்டை மதிலும் எவ்வளவு பலமாக இருந்தாலும், மலைமேல் பீரங்கியை ஏற்றிவிட்டவன் கையில்தான் கோட்டையின் உயிர். நூறு வருடம் கழித்து 1780 முதல் 1782 வரை ஐதர் அலி முற்றுகையிட்டபோதும் சண்டை இந்த உச்சிகளுக்காகத்தான் நடந்தது. மேலே ஏறிக் கீழே பார்க்கும்போது, வரைபடத்தில் படித்துப் புரியாத இது ஒரு நொடியில் புரியும்.

இங்கேதான் சூரியன் கணக்கு உதவுகிறது. ஊரைப் பார்த்த சரிவு மேற்குச் சரிவு, காலையில் அது மலையின் நிழலிலேயே இருக்கும். ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினால் பெரும்பாலும் நிழலில் ஏறி, வெயில் சரிவுக்கு வருவதற்குள் மேலே போய்விடலாம். அங்கிருந்து பார்க்கும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால், கோட்டை முழுவதும் வெளிச்சத்தில். மாலையில் ஏறினால் எல்லாமே தலைகீழ். நாளெல்லாம் சுட்ட பாறை, முகத்தில் அடிக்கும் வெயில், இறங்கும்போது இருட்டு. ரொம்பச் சீக்கிரம் போனாலும் பயனில்லை. மார்கழி மூடுபனி எட்டு, எட்டரை வரை ஊரை மூடிக்கொண்டிருக்கும், மேலே நின்று வெள்ளையைத்தான் பார்ப்பீர்கள். எட்டரைக்கும் பத்துக்கும் இடையில் உச்சியில் இருப்பதுபோலத் திட்டமிடுங்கள்.

பாதை ஒரே சீராக இருக்காது, சரளை சறுக்கும், முட்செடி காலைக் கிழிக்கும். மரமில்லாத மலை என்ற கேலி இங்கே முழுக்க உண்மை. மேலே தண்ணீர் கிடையாது, கடை கிடையாது, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வேண்டும். முழுக்கால் சட்டை அவசியம். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராவது சேர்ந்து, அடிவாரத்துத் தெருக்காரர்களிடம் எந்தப் பக்கம் ஏறுவது என்று கேட்டுவிட்டுப் போங்கள். மழை முடிந்த உடனே புதர் மண்டிக்கிடக்கும், எங்கே கால் வைக்கிறோம் என்றே தெரியாது. பொங்கலுக்குப் பிறகு புல் காய்ந்ததும் தடம் வெளியே தெரியும். முட்டிவலிக்காரர், சிறு குழந்தை வைத்திருப்பவர், மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டியவர் மலைப்பக்கமே பார்க்க வேண்டாம்.

ஆறு

பாலாற்றை வருடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2021 நவம்பரைப் போல வெள்ளம் வந்த வருடத்தின் குளிர்காலத்தில் காலைப்பொழுது அழகுதான். மற்ற வருடங்களில் மணலும் சீமைக் கருவேலமும். கண்டி அரசரின் நினைவிடமான முத்துமண்டபம் கரையோரம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் சதுரங்கப் பலகையைப் பார்த்தவருக்கு அங்கே போக ஒரு காரணம் உண்டு, பார்க்காதவருக்கு அது சாலையோர மண்டபம்தான். நடந்து போவதைவிட ஆட்டோ நல்லது, வழியில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் நடைப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அங்கே இருக்கும் நட்சத்திர வடிவப் பாதையிலும் நன்றாகவே நடக்க வேண்டும், ஆனால் அது வரிசையில் நகர்வது. அதைத் தனி நாளுக்கு வையுங்கள்.

பொங்கல் வாரத்தில் வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. காணும் பொங்கலன்று கோட்டைப் பூங்காவில் சுற்றுவட்டாரமே கட்டுச்சோற்றோடு உட்கார்ந்திருக்கும். கூட்டம் பிடிக்கும் என்றால் அதுவே திருவிழா, சிற்பம் பார்க்க வந்தவருக்கு அது நாள் அல்ல. தை, மாசியில் சுற்றுக் கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும், குறித்த தூரத்தை எந்த மாடு குறைந்த நேரத்தில் கடக்கிறது என்ற போட்டி. அந்த நாட்களில் கிராமச் சாலைகள் அடைபடும். ஊருக்கு வெளியே காரில் சுற்றும் எண்ணம் இருந்தால் லாட்ஜில் முதல் நாள் இரவே கேட்டுவிடுங்கள்.

காட்பாடியில் இறங்கி மூன்று மணி நேரமே இருக்கிறவர் கோயிலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து பாகாயம் போகும் 1, 2 எண் டவுன் பஸ் எதிலும் ஏறிப் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கோட்டை எதிரே. ஏழு கிலோமீட்டர்தான், காலை ஏழு மணிக்கு முன் இருபது நிமிடத்தில் வந்துவிடும். திரும்பும்போது அதே இருபது நிமிடம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட வண்டிகளும் ஆஸ்பத்திரிக் கூட்டமும் சேர்ந்தால் வழியில் இருக்கும் கிரீன் சர்க்கிள் சந்திப்பைத் தாண்டவே அவ்வளவு நேரம் ஆகும். ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போதே, கிளிகளை இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை என்றாலும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.